ஃப்ரெட்லெஸ் பேஸ்: நட் செய்த தப்புக்கு நெக்கைத் தண்டிக்காதீர்கள்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி தன் பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியில் என் வீட்டுக்கு வந்தார். ஃப்ரெட்லெஸ் ஆக்குவதற்காக ஃப்ரெட்டுகளை (வீணை மெட்டு மாதிரி விரல் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை) அவரே பிடுங்கி, பள்ளங்களில் மெல்லிய மரச்சீவல் ஒட்டி இழைத்திருந்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. "அண்ணே, அஞ்சாவது எடத்துல நோட்டு செத்துப்போகுது. உப்புத்தாள் போட்டுத் தேச்சிரலாமா?" என்று கேட்டார். தாளையும் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தார். பல வருடங்களுக்கு முன் நான் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமலே தேய்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கம்பி சுற்றுவது, டியூன் செய்வது மாதிரி எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களுக்குள் நான் போகவில்லை. கீழே தலைப்புகளில் இருப்பதெல்லாம் நாம் செய்யும் தப்புகள்.

கம்பியைத் தளர்த்திவிட்டு நெக்கைப் பார்ப்பது

நெக் (விரல் பலகை ஒட்டியிருக்கும் கழுத்து) கம்பிகளின் இழுப்பில் வளையும். நான்கு கம்பியும் சுருதியில் நிற்கும்போது மட்டும் பாருங்கள்.

நட் உயரத்தை ட்ரஸ் ராடால் குறைக்கப் பார்ப்பது

நட் என்பது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் குட்டிக் கட்டை. ஃப்ரெட் உள்ள பேஸில் நட்டின் பள்ளம் ஃப்ரெட் உயரத்தைத் தாண்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் இடிக்கும். ஃப்ரெட்டைப் பிடுங்கியபின் அந்த உயரத்துக்கு வேலையில்லை. ஆனாலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அப்படியே நிற்கும். நட்டை யாரும் கவனிப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது கம்பி உயரமாக இருப்பது மட்டும்தான். நட் பக்கத்தில் அமுக்கினால் விரல் வலிக்கும். கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும்.

எனக்கும் அதுதான் நடந்தது. வைகாசியில் வரிசையாகத் திருவிழாக் கச்சேரி. ராத்திரி முழுக்க வாசித்தால் இடது கை வீங்கிவிடும். ஆலன் கீயை (ஆறுமுகச் சாவி) எடுத்து, நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கினேன். கம்பி கொஞ்சம் இறங்கியது. இன்னொரு கால் சுற்று, இன்னும் இறங்கியது. வழி தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ட்ரஸ் ராடுக்கு ஒரே வேலை, கம்பிகளின் இழுப்புக்கு எதிராக நின்று நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்துவது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலம் உள்ள பேஸில் அந்த இழுப்பு எல்லாம் சேர்ந்து எழுபது எண்பது கிலோவுக்கு வரும். ராடை அளவுக்கு மீறி இறுக்கினால் நெக் பின்னுக்கு வளைந்து, பலகையின் நடு மேடாகிவிடும். கம்பி இறங்கினாற்போலத் தெரிவது அதனால்தான். உண்மையில் பலகைதான் ஏறிவந்திருக்கிறது. அப்புறம் நட் பக்கத்தில் வாசிக்கும் நோட்டெல்லாம் அந்த மேட்டில் தட்டிச் செத்துப்போகும். நான் அதை ராடோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. பலகை மட்டமில்லை என்று முடிவுகட்டி, மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தேய்த்தேன். அந்தச் சீசன் முழுக்க பேஸ் நன்றாகவே பாடியது.

மழைக்காலம் வந்ததும் நெக் நகர்ந்தது. மதுரையில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். முதலில் நட்டைத்தான் பார்த்தார். ராடைத் தளர்த்தி நெக்கை நேராக்கி, இரும்புச் சட்டத்தைப் பலகைமேல் நிறுத்தி வெளிச்சத்துக்குப் பிடித்தார். நடுவில் சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. நான் தேய்த்தது மேட்டை இல்லை. நெக் வளைந்து நின்றபோது நல்ல மரத்தைத் தேய்த்திருக்கிறேன். ரோஸ்வுட் பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று. பேஸ் வாங்கிய விலையைவிட அந்தச் செலவு அதிகம். நட்டைச் சரிசெய்ய அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணை வாசித்த ஊர் இது. வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கும். நிலை தவறினால் மெட்டுகளை மறுபடி மெழுகில் பதித்து மேளம் கட்டிக்கொள்ளலாம். பேஸ் பலகையில் இழைத்துப் போன மரம் திரும்பி வராது. தாளோடு யாராவது வந்து நின்றால் எனக்கு இன்றும் கோபம் வருவது இதனால்தான்.

முதலில் நெக். கம்பியை முதல் ஃப்ரெட் கோட்டிலும் நெக் உடம்போடு சேரும் இடத்திலும் அமுக்கிக்கொண்டு நடுவில் இடைவெளியைப் பாருங்கள். அளக்கக் கருவி வேண்டியதில்லை. கிட்டாரின் 10 நம்பர் முதல் கம்பி 0.25 மி.மீ. தடிமன். அதில் ஒரு துண்டு கம்பிக்கடியில் தாராளமாக நுழைந்தால் முன்வளைவு அதிகம், ராடை இறுக்குங்கள். கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தால் ராடை இறுக்கியது அதிகம், தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். இரண்டாவது நட். பள்ளத்தின் அடி பலகைக்கு மேல் இரண்டு மூன்று தாள் கனம் இருந்தால் போதும். கம்பியின் தடிமனுக்கேற்ற அரத்தால், பிருடை (கம்பி முறுக்கும் திருகு) பக்கம் லேசாகச் சரிய, கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள். ஆழம் தப்பினாலும் போவது ஒரு நட்தான். பிரிட்ஜ் (உடம்பின்மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) கடைசி. பலகையின் கடைக்கோடியில் இரண்டு மில்லிமீட்டர் உயரம் எனக்குச் சரியாக இருக்கிறது. கை அழுத்தமாக வாசிப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரே இடத்தில் மட்டும் நோட்டு செத்தால், அப்போது தாளைப் பற்றிப் பேசலாம்.

சேடில் அடிதட்டியதும் அதையே ராவுவது

ஃப்ரெட் போனபின் சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் குட்டித் துண்டை) முழுக்க இறக்கியும் கம்பி உயரமாக நிற்கலாம். நெக் உட்காரும் குழியில், உடம்பின் பக்கமாக, மெல்லிய மரப்பட்டை ஒன்றை வையுங்கள். நெக் லேசாகப் பின்சாயும், கம்பி இறங்கும்.

பொருந்தாத சாவி

ட்ரஸ் ராடைத் திருகும் சாவியைச் சொல்கிறேன். 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அந்த அளவுள்ள ராடில் 4.5 மி.மீ. சாவியைத் திருகினால் ராடின் திருகுமுனை மழுங்கிவிடும்.

கோட்டுக்குப் பின்னால் விரல்

ஃப்ரெட் பேஸில் ஃப்ரெட்டுக்குப் பின்னால் அமுக்கிப் பழகிய விரல் இங்கேயும் அங்கேயே போகும், சுருதி இறங்கும். விரலின் மையம் கோட்டின்மேல் இருக்க வேண்டும். அது தெரியாமல் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தி மூன்று நாள் வீணடித்த ஒரு தம்பியை நான் பார்த்திருக்கிறேன்.

வெறும் மரத்தில் ரவுண்ட்வூண்ட்

ஃப்ரெட்லெஸ் பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வூண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய, சொரசொரப்பான) கம்பிதானே போட்டார் என்கிறார்கள். அவர் தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் பலகைமேல் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசினைப் பூசியிருந்தார். பூச்சில்லாத ரோஸ்வுட்டில் அந்தக் கம்பி அரம் மாதிரி வேலை செய்யும். தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வூண்ட் போடுங்கள்.

ஒரு தடவை சரிசெய்துவிட்டு மறந்துவிடுவது

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகூட மழைக்காலத்தில் நிலையோடு இறுகிக்கொள்கிறது. இத்தனை மெல்லிய நெக் நகராமல் இருக்குமா? எந்தப் பக்கம் நகரும் என்பது ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு விதம். ஐப்பசி மழை பிடித்துப் பத்து நாள் கழித்து ஒரு தடவை, சித்திரை வெயில் ஏறியதும் ஒரு தடவை அந்தப் பத்து நம்பர் கம்பித் துண்டை விட்டுப் பாருங்கள். நான் அதை பேஸ் பையின் சின்ன அறையில் சாவியோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கிறேன்.