எட்டு போடக் கற்றுக்கொடுத்த மலை

ஸ்கூட்டர் லைசன்ஸுக்கு எட்டு போடும்போது இரண்டு முறை கால் ஊன்றிவிட்டேன். வயது 38. இனி நமக்கு வராது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அந்த மாதம் ஊருக்கு வந்த தம்பி, லேப்டாப்பில் 'செலஸ்ட்' கேமைப் போட்டுக் கொடுத்தான். 2018-ல் வந்தது. பதற்றத்தோடு போராடும் மேட்லின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். முதல் நாளே 200 தடவைக்கு மேல் செத்துப் பிழைத்தேன்.

தோற்றால் துவண்டுபோகாமல் இருக்க அந்த கேமை வைத்து எப்படிப் பழகினேன் என்று சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: கேமில் கற்றது பெரும்பாலும் கேமுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே எடுத்து வருவது நம் வேலை.

எங்கே தவறினோம் என்று தெளிவாகக் காட்டி, உடனே எழுந்து நிற்க விடும் கேமாகத் தேர்ந்தெடுங்கள். செலஸ்டில் ஒவ்வொரு திரையும் ஒரு சின்ன அறை. விழுந்த மறுநொடி அதே அறையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். காசு கட்டி அதிர்ஷ்டப் பெட்டி திறக்கும் கேம்கள் இதற்கு வேண்டாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு நம்மைத் திரும்பத் திரும்ப இழுக்கும், ஆனால் கை எதையும் பழகாது.

அப்புறம் ஒரு நோட்டு. ஒரே இடத்தில் பத்து தடவை செத்தால் நிறுத்திவிட்டு ஒரு வரி எழுதுங்கள். "இந்த அறை கஷ்டம்" என்று எழுதிப் பயனில்லை. "சுவரை விட்டுக் குதித்ததும் டேஷை (காற்றில் பாய்வதற்கான பட்டனை) அவசரப்பட்டு அழுத்துகிறேன்" என்று எழுத வேண்டும். அடுத்த பத்து தடவையும் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். என் நோட்டில் மூன்று பக்கமும் ஒரே விஷயம்தான்: பதறிப்போய் முன்னாலேயே அழுத்துகிறேன்.

அதைப் படித்தபோதுதான் எட்டு ஞாபகம் வந்தது. நான் ஓட்டுவதைத் தம்பியை வீடியோ எடுக்கச் சொன்னேன். இரண்டாவது வளைவில் முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறேன், ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறேன், கால் இறங்குகிறது. எட்டு முழுவதும் பிரச்சினை இல்லை, அந்த வளைவு மட்டும்தான்! மைதானத்தில் செங்கல் வைத்து ஒரு வாரம் பாதி எட்டை மட்டுமே ஓட்டினேன்.

செலஸ்டில் 'அசிஸ்ட் மோட்' உண்டு. கேமின் வேகத்தை 50 சதவீதம் வரை குறைக்கலாம். வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். 70-ல் தாண்டிவிட்டு 80, 90 என்று ஏற்றுங்கள். உளவியலாளர்கள் டெசியும் ரயனும், மனிதருக்குத் தன் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதும், 'என்னால் முடிகிறது' என்ற உணர்வும், பிறரோடு ஒட்டுறவும் தேவை என்றார்கள். வேகத்தை நாமே தீர்மானிக்கும்போது முதல் இரண்டும் கிடைக்கின்றன. ஸ்கூட்டரில் வேகம் குறைந்தால் வண்டி தள்ளாடுவதுதான் அதிகமாகும். அதனால் நான் எட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, தினமும் ஓர் அடி சுருக்கினேன்.

கேமில் ரோப் கார் நடுவழியில் நின்றுவிடும். மேட்லினுக்கு மூச்சு முட்டும். ஓர் இறகு மிதப்பதாக நினைத்து மூச்சுவிடச் சொல்வான் நண்பன் தியோ. திரையில் இறகு ஏறி இறங்கும்போது நீங்களும் கூடவே மூச்சை இழுத்து விடுங்கள். வெளியிலும் உதவும்.

ஒரு நாளைக்கு 45 நிமிடம் போதும், அலாரம் வையுங்கள். களைத்த விரல் அதே தப்பைத்தான் பழகும். தூங்கி எழுந்து பாருங்கள், வராதது பல நேரம் வந்துவிடும். நிறுத்த நினைத்தும் முடியவில்லை, வேலையும் சாப்பாடும் தள்ளிப்போகின்றன என்றால் நோட்டு போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், கேம் ஆடும் கோளாறும் இருக்கிறது. தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாவது முறை எட்டு போடப் போனபோது, வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் இறகை இரண்டு தடவை மிதக்கவிட்டேன். வளைவில் தலை நிமிர்ந்தே இருந்தது. கால் இறங்கவில்லை.

மலை உச்சியைத் தொட்டபோது நான் செத்த கணக்கு 3,118. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி, கீழே லைசன்ஸ் வந்த தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.