மழை மாதத்தில் அம்புக்கு இறகு ஒட்டுவது: பசையைக் குறை சொல்லும் முன்

ஆடி மாதம் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அந்த மாதத்தில்தான் நான் முதன்முதலாக ஆறு கார்பன் அம்புகளுக்கு இறகு ஒட்டினேன். மறுநாள் மைதானத்தில் நாலாவது தடவை எய்தபோதே ஒரு இறகின் முன்நுனி கிளம்பி நின்றது. மாலைக்குள் நான்கு அம்புகள் மொட்டையாகிவிட்டன. பசைதான் சரியில்லை என்று நினைத்து மூன்று விதமான பசை வாங்கிப் பார்த்தேன். மூன்றும் கழன்றன.

கடைசியில் ஒருநாள் கழன்று விழுந்த இறகைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். காய்ந்த பசை முழுவதும் இறகின் அடியிலேயே இருந்தது. தண்டைத் தொட்டிருந்த பக்கம் கண்ணாடி போல வழவழவென்று மின்னியது. தண்டில் ஒரு பொட்டுப் பசைகூட இல்லை. அதாவது பசை இறகைப் பிடித்திருக்கிறது, தண்டைப் பிடிக்கவே இல்லை.

உங்களுக்கும் இறகு கழன்றால் முதலில் இதைப் பாருங்கள். பசை இறகோடு வந்திருந்தால் தண்டைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. பசை தண்டிலேயே நின்று இறகு மட்டும் வந்திருந்தால் இறகின் அடிப்பாகத்தில் பிழை. இரண்டு பக்கமும் பாதிப் பாதி ஒட்டிக்கொண்டு நடுவே பிளந்திருந்தால் மட்டும் பசையைச் சந்தேகப்படலாம்.

எந்தப் பசை

கார்பன், அலுமினியத் தண்டில் பிளாஸ்டிக் இறகு ஒட்ட நான் பாவிப்பது ஜெல் வகை சுப்பர் குளூ. தண்ணீர் மாதிரி ஓடும் வகையைத் தொடக்கக்காரர்கள் எடுக்க வேண்டாம். இறகைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புக்குள் ஓடி இறகையும் கிளாம்பையும் சேர்த்து ஒட்டிவிடும். அரல்டைட் போன்ற இரட்டைப் பசை பலமானதுதான், ஆனால் நம் குளிரில் இறுகுவதற்கு நெடுநேரம் எடுக்கும். ஒவ்வொரு இறகுக்கும் அவ்வளவு நேரம் ஜிக்கை (ஒட்டும்போது அம்பையும் கிளாம்பையும் சரியான இடத்தில் நிறுத்தும் சட்டம்) மூடிவைத்திருக்க முடியாது.

சுப்பர் குளூவைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது காய்வதில்லை, ஈரத்தால் இறுகுகிறது. 1942இல் அமெரிக்காவில் ஹரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தப் பொருள் கிடைத்தது. தொட்ட இடமெல்லாம் ஒட்டுகிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. அநேகமாக எல்லாவற்றிலும் ஒட்டக் காரணம், எந்தப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருப்பதுதான். அந்த அளவு ஈரம் போதும். ஈரம் கூடிப்போனால் பசை தண்டைப் பிடிக்கும் முன்பே மேலாக இறுகிவிடும், ஓரங்களில் வெள்ளையாகப் பூக்கும். நம் ஊரில் நடப்பது இதுதான்.

பசைக் குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். குளிராக இருக்கும்போது திறந்தால் உள்ளே ஈரம் இறங்கி மிச்சப் பசையும் கட்டியாகும்.

தண்டைத் தயார் செய்வது

பழைய பசையை மொட்டைக் கத்தியால் தண்டோடு சாய்த்து வழித்து எடுங்கள். கார்பனில் கத்தி வெட்டினால் அந்த அம்பு அத்தோடு சரி. பிறகு தண்டை இரண்டு கையாலும் மெதுவாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் இறகு ஒட்ட வேண்டாம், உடைத்து எறிந்துவிடுங்கள். வெடித்த கார்பன் அம்பு விடும்போது கையில் ஏறும்.

அடுத்து 400 அல்லது 600ஆம் இலக்க சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, இறகு உட்காரும் இடத்தை மட்டும் இரண்டு மூன்று தடவை தேயுங்கள். பளபளப்பு போனால் போதும், நார் தெரியக் கூடாது. நனைத்துத் தேய்ப்பது கார்பன் தூள் மூச்சில் போகாமல் இருப்பதற்காக. மாஸ்க்கும் போடுங்கள்.

இப்போது தண்ணீர்ச் சோதனை. தண்டின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். சேம்பிலையில் நிற்பது போல முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. வழிந்து முழுவதும் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். என் முதல் ஆறு அம்புகளிலும் முத்து முத்தாகத்தான் நின்றது. அந்தப் பிசுக்கு தேங்காய் எண்ணெய். காலையில் தலைக்கு வைத்துக்கொண்டு, அடிக்கடி முடியை ஒதுக்கிய கையாலேயே தண்டைப் பிடித்திருக்கிறேன். இப்போது கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, அம்பின் முன்பக்கத்தில் மட்டும் பிடிக்கிறேன். இறகு உட்காரும் இடத்தில் விரலே படுவதில்லை.

தண்ணீரைத் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை. அசிற்றோனும் நல்லதுதான், ஆனால் கார்பனை அதில் ஊறப் போடக் கூடாது; நொக்கிலும் (அம்பின் பின்முனையில் நாண் மாட்டும் பிளவுத் துண்டு) பட விடாதீர்கள், பிளாஸ்டிக் இளகும். இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை. விறகடுப்பு எரியும் குசினியில் இந்த வேலை வேண்டாம்.

என்னைத் தடுக்கி விழவைத்த இடம்

எண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்த பிறகும் எனக்கு இறகு கழன்றது. துடைத்த கையோடு பசை போட்டதுதான் காரணம். அல்ககோல் ஆவியாகும்போது தண்டு சில்லென்று குளிரும். மூடுபனி ஜன்னலுக்குள் வரும் நேரத்தில், அந்தக் குளிர்ந்த தண்டில் பனித்துளி படியும். அசிற்றோனில் இது இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

நான் கண்டுபிடித்த வழி இது. பெரிய அட்டைப் பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் துளை போட்டு, 40 வாட்ஸ் பழைய மின்குமிழ் ஒன்றை அட்டையில் முட்டாமல் உள்ளே தொங்கவிட்டேன். எல்ஈடி சரிவராது, அதில் அவ்வளவு சூடு இல்லை. துடைத்த தண்டின் ஈரவாடை முழுதாகப் போனபிறகு, அரைமணி நேரம் பெட்டிக்குள் வைக்கிறேன். கன்னத்தில் இளஞ்சூடு தெரிந்தால் போதும். அறையை விட்டு வெளியே போவதென்றால் குமிழை அணைத்துவிடுங்கள். பெட்டியிலிருந்து ஒவ்வொரு அம்பாக எடுத்து, எடுத்தவுடன் ஒட்டுகிறேன். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு ஒரு இறகுகூடக் கழரவில்லை.

ஒட்டுவது

பிளாஸ்டிக் இறகின் அடியையும் அல்ககோலால் ஒரு தடவை துடையுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுக்கல் அதில் மிச்சம் இருக்கலாம். நொக்கிலிருந்து ஒரு அங்குலம் விட்டு இறகு தொடங்கட்டும், இல்லையென்றால் விரல் இடிக்கும். பசையை நூல் மாதிரி மெல்லிய கோடாக இழுங்கள். கூடப் போட்டால் கூடப் பிடிக்கும் என்பது தவறு. தடித்த பசை மெதுவாக இறுகும், வெள்ளை பூக்கும், லேசில் உடையும். கிளாம்பை ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். அம்பின் மூன்று இறகும் ஒட்டி முடிந்ததும் ஒவ்வொரு இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் ஒரு சிறு துளி. முன்நுனித் துளியை மறக்கவே வேண்டாம். வில்லைக் கடக்கும்போது கிளம்பிய இறகின் முன்நுனி கையைக் கிழிக்கும். ஒரு நாள் முழுக்கக் கழித்து எய்யுங்கள்.

பிறகு சேர்த்தது

பலர் சானிடைசர் போத்தலைக் காட்டி, இதிலும் அல்ககோல்தானே என்று கேட்டார்கள். வேண்டாம். கை காயாமலிருக்க அதில் கிளிசரின் போடுகிறார்கள், அது தண்டில் தங்கும். நெயில் பொலிஷ் ரிமூவரிலும் எண்ணெய் சேர்ப்பதுண்டு. லேபலைப் படியுங்கள்.

பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஜூலையில் எனக்குப் பெட்டியே தேவைப்படவில்லை என்றார். சரிதான், அங்கே அப்போது காய்ந்த காற்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை அந்தப் பக்கம் திரும்பும்போது அவருக்கும் தேவைப்படும்.

மூங்கில் தண்டில் செய்கிறவர்கள் வெளித்தோலின் மெழுகுப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் எதையும் ஒட்டாதீர்கள். வார்னிஷ் அடித்த மரத்தண்டு என்றால், பசையை முதலில் ஓரத்தில் ஒரு துளி வைத்து மறுநாள் பாருங்கள். ஒருவருடைய வார்னிஷ் சுருங்கித் தோலாக உரிந்து வந்தது. அவர் அதைச் சுரண்டிவிட்டு வேறு வார்னிஷ் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு ஒட்டினார், நின்றது.

வான்கோழி இறகு போட்டவர்களுக்கு: மழையில் நனைந்து படுத்துப்போனால் பிடுங்கி எறிய வேண்டாம். தேத்தண்ணீருக்குக் கேத்தல் கொதிக்கும்போது ஆவியில் சில விநாடி காட்டிச் சுற்றுங்கள், நிமிர்ந்துவிடும். கேத்தலுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோகாதீர்கள், பசைக்கோட்டில் ஆவி நேரே அடிக்கக் கூடாது.