மலைப் பாதையை மேப்பில் வரையும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவின் பினாங்கு கொடிமலைப் பக்கம், யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் புதிதாக வரைகிறவர்களின் திருத்தங்களை அவ்வப்போது சரிபார்ப்பேன். போன மாதம் பார்த்ததில் பாதி, நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள். எழுத்துப்பிழைகளை விட்டுவிடுகிறேன், அதை யாராவது திருத்திவிடுவார்கள்.

நடக்காத இடத்தில் கோடு இழுப்பது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதைப் பார்த்தால்தான். தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஜீப் பாதை தார் போட்டது, சாட்டலைட் படத்தில் அங்கங்கே தெரியும். அதிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதைகளை மரங்கள் மூடியிருக்கும். ஜிபிஎஸ்ஸும் அந்த மரங்களுக்கு அடியில் தள்ளித்தான் காட்டும், பள்ளத்துக்குள் இறங்கினால் இன்னும் மோசம். அப்படி ஒரு பாதையை இரண்டு பக்கத்திலிருந்தும் பாதி பாதி நடந்தேன், நடுவில் முந்நூறு மீட்டர் போல விட்டுப்போனது. மேப்பில் இரண்டு முனையும் எதிரெதிரே நின்றன. எப்படியும் சேரும் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே இணைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து மலையேறும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, மேப்பில் வழி இருக்கு, தரையில் இல்லையே" என்றார். அவரும் மனைவியும் அந்தக் கோட்டை நம்பி இறங்கி, ஈர இலையில் வழுக்கி, பிரம்பு முள்ளில் கை கிழிந்து, கடைசியில் ஓடை விழும் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருக்கிறார்கள். பினாங்கில் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், ஆனால் காட்டுக்குள் ஆறரைக்கே இருட்டிவிடும். வந்த வழியே டார்ச் அடித்துக்கொண்டு கீழே வர ஒன்பது மணி ஆகிவிட்டதாம்.

கோட்டை அழிக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி செயலிகளில் மேப்பை முன்பே இறக்கி வைத்திருப்பவர்களின் கைப்பேசியில், அவர்கள் புதுப்பிக்கும்வரை அந்தப் பாதை அப்படியே இருக்கும். இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்துவிட்டால் போதும், செயலி அதை நடக்கும் வழி என்று எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடும். அதனால் நடந்த இடத்தோடு நிறுத்துங்கள். முனையில் ஃபிக்ஸ்மீ டேக் (இங்கே சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்பு) போட்டு, இதற்கு மேல் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். தடம் மங்கலாக இருந்தால் தடம் எவ்வளவு தெரிகிறது என்று சொல்லும் டிரெயில் விசிபிலிட்டி டேக்கையும் சேருங்கள்.

வியர்த்ததை வைத்துக் கடினம் குறிப்பது

பாதையின் கடினத்தைக் குறிக்கும் எஸ்.ஏ.சி. ஸ்கேல் சுவிட்சர்லாந்து மலையேற்றச் சங்கத்தின் அளவுகோல். தடம் எப்படி, கை ஊன்ற வேண்டுமா, விழுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அது பார்க்கிறது. மலையடிவாரத்தில் உள்ள மூன் கேட்டிலிருந்து ஏறினால் சட்டையைப் பிழியலாம், சரி, அதற்காக அந்த அளவுகோலின் கடினமான படியான ஆல்பைன் ஹைக்கிங் என்று போடக்கூடாது.

கூகுள் மேப்பைப் பார்த்து வரைவது

கூடவே கூடாது. உரிமை நம்முடையதல்ல.

சம உயரக் கோட்டுக்கு ஏற்ப உச்சியை நகர்த்துவது

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் அந்தக் கோடுகள் நம் மேப்பின் தரவே அல்ல. பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்த அளவிலிருந்து வருபவை. நம் ஊர் அடர்காட்டில் அந்த ரேடார் பல இடங்களில் தரையைத் தொடாமல் மர உச்சியை ஒட்டியே அளந்திருக்கிறது.

மூடிய பாதையை அழிப்பது

2017 நவம்பர் பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. இப்படி அடைபட்ட பாதையை மொத்தமாக அழித்தால், பழைய ஜிபிஎஸ் டிராக் வைத்திருக்கும் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு அடுத்த வாரமே திரும்ப வரைவார். போகலாமா கூடாதா என்று சொல்லும் ஆக்செஸ் டேக்கில் நோ என்று போட்டு, நேரில் பார்த்த தேதியையும் எழுதிவிடுங்கள்.