நண்டுக் கணக்குச் செயலிக்குச் சொந்தமாக ஓர் எச்சரிக்கைப் பெட்டி

மண்டபத்தில் நண்டு வாங்கும் ஒரு கொட்டகைக்காக நான் பராமரித்துவரும் இணையச் செயலியில், எடை போடுபவர் ஒவ்வொரு வள்ளத்தின் நண்டையும் கிலோக் கணக்கில் பதிவு செய்வார். தவறான பதிவை நீக்குமுன் கேட்பதற்கு, முதலில் உலாவியே தரும் ‘கன்ஃபர்ம்’ பெட்டியை வைத்திருந்தேன். அதன் பொத்தான்களில் நம் சொற்களை இட முடியாது. அது திறந்திருக்கும்வரை பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டமும் நின்றுவிடும். உப்புத்தண்ணீர் சொட்டும் விரலோடு நிற்பவர் ‘ஓகே’ என்பதைப் படித்து அழுத்துவதில்லை. பெட்டி தொலைந்தால் போதும் என்றே அழுத்துகிறார்.

இதற்கு மாற்றாக, இணையப் பக்கத்தைக் கட்டும் மொழியான எச்டிஎம்எல்-இல் ‘டயலாக்’ என்ற பெட்டி உறுப்பு இருக்கிறது. குரோமில் 2014 முதலும், பயர்பாக்ஸ், சஃபாரி இரண்டிலும் 2022 மார்ச் முதலும் இது கிடைப்பதால், தனி நிரலகம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரே ஒரு டயலாக்கை எழுதி, அதற்குள் ஒரு தலைப்பு, ஒரு பத்தி, இரண்டு பொத்தான்கள் கொண்ட படிவம் ஆகியவற்றை வையுங்கள். படிவத்தின் ‘மெதட்’ பண்புக்கு ‘டயலாக்’ என்றே மதிப்புக் கொடுத்தால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பெட்டி மூடி, அந்தப் பொத்தானின் மதிப்பு, டயலாக் தன் விடையை வைத்திருக்கும் ‘ரிட்டர்ன்வேல்யூ’வில் வந்து சேரும். திறப்பதற்கு ‘ஷோமோடல்’ செயற்கூற்றையே அழையுங்கள். ‘ஓப்பன்’ பண்பைச் சேர்த்துத் திறந்தால் பின்னாலுள்ள பக்கம் முடங்காது.

நான் சறுக்கிய இடம் இனிமேல்தான். எஸ்கேப் விசையால் பெட்டியை மூடும்போது ரிட்டர்ன்வேல்யூ மாறுவதில்லை, முந்தைய மதிப்பே அதில் தங்கியிருக்கும். ஒரு பதிவை முறையாக நீக்கிய கணக்கர், அடுத்த பதிவில் மனம் மாறி எஸ்கேப்பை அழுத்தியபோது, பழைய ‘நீக்கு’ இன்னும் அங்கேயே இருந்ததால், பன்னிரண்டு கிலோ நண்டு கணக்கிலிருந்து காணாமல் போயிற்று. ஆகவே ஒவ்வொரு முறையும் ஷோமோடலுக்கு முந்தைய வரியில் ரிட்டர்ன்வேல்யூவை எழுத்தே இல்லாத வெற்றுச் சரமாக்கிவிடுங்கள்.

பெட்டி மூடும் ‘குளோஸ்’ நிகழ்வில் நிறைவேறும் ஒரு பிராமிஸை (விடை பின்னால் வரும் என்று ஜாவாஸ்கிரிப்ட் தரும் உறுதிச்சீட்டை) திருப்பித் தரும்படி இதையெல்லாம் ஒரே செயற்கூறாக்கினால், எல்லாப் பக்கத்திலும் பயன்படும். ஆனால், பழைய கன்ஃபர்ம் இருந்த ‘இஃப்’ நிபந்தனைக்குள் இதை அப்படியே மாற்றி வைத்து, விடைக்குக் காத்திருக்கச் சொல்லும் ‘அவெய்ட்’ போட மறந்தால், பிராமிஸ் எப்போதும் மெய்யாகவே, அதாவது ‘ஆம்’ என்றே, கொள்ளப்படும். கேட்குமுன்னே பதிவு நீங்கிவிடும்.

பத்தியில் ‘நிச்சயமா?’ என்பதற்குப் பதிலாக, எந்த வள்ளம், எத்தனை கிலோ என்பதைக் காட்டுங்கள். வள்ளத்தின் பெயர் பயனர் தட்டச்சு செய்தது என்பதால், அதை எச்டிஎம்எல் நிரலாகவே எடுத்துக்கொள்ளும் ‘இன்னர்எச்டிஎம்எல்’ வேண்டாம், வெறும் எழுத்தாகக் கொள்ளும் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ வழியாக இடுங்கள். பொத்தான்களில் ‘நீக்கு’, ‘இருக்கட்டும்’ என்று எழுதி, பெட்டி திறந்ததும் தேர்வு தானாகப் போய் நிற்கச் செய்யும் ‘ஆட்டோஃபோகஸ்’ பண்பை இரண்டாவதற்குக் கொடுங்கள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்காக டயலாக்கின் ‘ரோல்’ பண்பில் ‘அலர்ட்டயலாக்’ என்று குறித்து, தலைப்பையும் பத்தியையும் ‘ஏரியா’ (ARIA) எனும் அணுகல்தன்மைப் பண்புகளால் இணைக்க வேண்டும்.

ஒப்பனையில் எனக்கு இரண்டே பிடிவாதங்கள்: ஈர விரல் தவறிப் படாதபடி பொத்தான்களுக்கிடையே தாராளமான இடைவெளி, கொம்பும் சுழியும் வெட்டுப்படாதபடி எழுத்தளவைப்போல் 1.6 மடங்கு வரியுயரம். பொத்தானின் அகலத்தை மட்டும் எண்ணால் கட்டிப்போடாதீர்கள், தமிழ்ச் சொல் அதற்குள் அடங்காது.