கார் எஞ்சின் சூடேறினால்: ரேடியேட்டர் ஃபேனில் குறை எங்கே என்று கண்டறியும் முறை

எஞ்சின் சூடேறும் காரில் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்பாக, அது எப்போது சூடேறுகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். திண்டிவனத்திலிருந்து நெடுஞ்சாலையில் வரும் வரை நடுவிலேயே நின்ற டெம்பரேச்சர் முள், தாம்பரத்தைத் தாண்டி நெரிசலில் நின்றதும் ஏறத் தொடங்கி, வண்டி மறுபடி வேகமெடுத்ததும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேன் மீதுதான் முதல் ஐயம் விழ வேண்டும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும் வண்டியில் அந்த வேலை முழுவதும் ஃபேனுடையது. இதற்கு மாறாக, நெரிசலில் ஒழுங்காக இருந்துவிட்டு வேகமெடுத்த பின் சூடேறும் வண்டியில் ரேடியேட்டரின் உள்குழாய்களில் அடைப்பு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து, குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் ஒட்டிப்போகும் கீழ் ஹோஸ் (ரப்பர் குழாய்) ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுவது போன்ற மலைப்பாதையில் மட்டும் சூடேறினால் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே எஞ்சினின் சுமை நெடுஞ்சாலையைவிட அதிகம், எதிர்க்காற்றோ நகரத்தில் இருப்பது போலவே குறைவு.

முள் சிவப்பை நெருங்கும்போது ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் வைத்தால், எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி வண்டிக்குள் இறங்கி, ஓரமாக நிறுத்த இடம் தேடும் அளவுக்கு அவகாசம் கிடைக்கும். நிறுத்தியதும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது; மூடியைத் தளர்த்திய கணத்தில் அழுத்தம் இறங்கி, அத்தனையும் ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் பாயும். மேல் ஹோஸ் கைக்குச் சூடின்றி, அழுத்தினால் மென்மையாக அமுங்கும் வரை காத்திருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சினின் மேற்பகுதியான அலுமினிய ஹெட் விரிசல் விடக்கூடும். இன்னொன்று, சாவியை எடுத்த பிறகும் பல கார்களில் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். ஆகவே ஃபேனின் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்கை) கழற்றாமல் இறக்கைகளுக்கு அருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. தொங்கும் துப்பட்டாவோ சேலைத் தலைப்போ பானட்டுக்குள் இருக்கவும் கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறிய பின் முதலில் கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். ரிசர்வ் டேங்கில் அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. மூடியின் ரப்பர் கெட்டுப்போனால் ரேடியேட்டருக்குள் கூலன்ட் குறைந்திருக்க, டேங்க் மட்டும் நிறைந்தே காட்டும். துருநிறத்தில் கலங்கியிருந்தால் நெடுநாள் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டப்பட்ட வண்டி என்று பொருள். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களின் உட்சுவரில் படிந்து வெப்பத்தை வெளியேற விடாது. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதையும், அதன் இனிப்புச் சுவை நாய்களையும் குழந்தைகளையும் ஈர்க்கும் என்பதையும் மனத்தில் வைத்து, கீழே சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும்.

இனி ஃபேன். கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால், பெரும்பாலான கார்களில் கம்ப்ரெசர் இணைந்த சிறிது நேரத்தில் ஃபேன் சுழல வேண்டும். ஏசிக்குச் சுழலும் ஃபேன் எஞ்சின் சூட்டுக்கு மட்டும் சுழலவில்லை என்றால், அந்த மோட்டாரும் அதன் வயரிங்கும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. குறை சென்சார் பக்கம் இருக்கிறது. இரண்டுக்குமே சுழலவில்லை என்றால் மின்சாரம் மோட்டாரை எட்டவில்லை, அல்லது மோட்டார் செத்துவிட்டது. இரட்டை ஃபேன் உள்ள கார்களில் இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். ஏசியில் கேஸ் இல்லாத வண்டியில் கம்ப்ரெசரே இணையாது என்பதால், இந்தச் சோதனையின் முடிவை அங்கே நம்ப முடியாது.

மின்சாரப் பக்கத்தை ஆராய்வதில் அவசரம் கூடாது. பேட்டரியிலிருந்து பியூஸ், ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்), கப்ளர், மோட்டார், எர்த் என்று மின்சாரம் போகும் வழியிலேயே நாமும் போய், எந்த இடத்தில் அது நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை. பியூஸைக் கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட, மின்சாரம் வரும் நிலையில் அதன் இரு முனைகளிலும் டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்ப்பதே சரி. பியூஸ் எரிந்திருந்தால், புதியதைப் போட்டதோடு வேலை முடியவில்லை. அது ஏன் எரிந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. ரிலேயை அதே எண்ணும் அதே கால் அமைப்பும் கொண்ட பக்கத்து ரிலேயுடன் மாற்றிப் பார்க்கலாம். வழக்கமான ரிலேயில் 85, 86 என்ற கால்கள் சுருளுக்கும், 30, 87 என்ற கால்கள் மோட்டாருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்துக்கும் உரியவை. ரிலே ‘டிக்’ என்று ஒலிப்பதால் அது நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் உள்ளே கரிந்துபோன தொடுமுனையும் அதே ஒலியைத்தான் தரும்.

அடுத்து மோட்டாரின் கப்ளரைக் கழற்றி, பியூஸ் பொருத்திய தடித்த வயர்களால் பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுழலவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. மோட்டாரின் உடம்பில் மெல்லத் தட்டியதும் சுழன்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அன்றைக்கு ஓடினாலும் அதை நம்பி வெளியூர் போகக் கூடாது. இந்த நேரடிச் சோதனை இரண்டு வயர் கொண்ட சாதாரண மோட்டாருக்கு மட்டுமே பொருந்தும். மூன்று நான்கு வயர்களோடு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாட்யூலும் சேர்ந்த புதிய வகை ஃபேனில் சிக்னல் வயருக்கு 12 வோல்ட் கொடுத்தால் மாட்யூல் எரிந்துபோகக்கூடும்.

மோட்டார் நேரடியாகச் சுழன்று, வண்டியின் வயரிங்கில் மட்டும் சுழலாமலோ மந்தமாகச் சுழன்றாலோ மல்டிமீட்டர் தேவைப்படும். பலரும் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். கழற்றிய கப்ளரில் 12 வோல்ட் காட்டுவதால் வயர் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும், மோட்டாரின் சுமை இல்லாதவரை, 12 வோல்ட்டைக் காட்டும். கப்ளர் இணைந்திருக்க, ஃபேனுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருந்து மோட்டாரில் 11 மட்டுமே வந்தால், மீதி 3 வோல்ட் வழியில் எங்கோ வெப்பமாகக் கரைகிறது. மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கப்ளரின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் கப்ளரை மட்டும் மாற்றுவது போதாது. தேய்ந்த மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுப்பதாலும் அப்படி உருகும். 120 வாட் ஃபேன் இழுக்க வேண்டியது ஏறத்தாழ 10 ஆம்பியர். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் 18, 20 என்று காட்டினால் மாற்ற வேண்டியது மோட்டாரை.

இரண்டு வேகம் கொண்ட ஃபேனில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது உண்டு. அப்போது தொடக்கத்தில் சுழல வேண்டிய ஃபேன் சும்மா இருந்து, சூடு மிகவும் ஏறிய பின் திடீரென்று முழு வேகத்தில் இரைந்து சுழன்று நின்றுவிடும். ஃபேன் சுழல்வதைக் கண்ணால் பார்த்த உரிமையாளர் அதில் குறையே இல்லை என்று உறுதியாகச் சொல்வார். அவர் சொல்வதும் பாதி உண்மைதான்.

சென்சார் பக்கம் ஐயம் இருந்தால், கூலன்ட் சென்சாரின் கப்ளரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல கார்களில், சென்சார் இல்லை என்று உணர்ந்த ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடும். அப்படி ஓடினால் ரிலேயும் மோட்டாரும் அவற்றின் வயரிங்கும் ஒரே நேரத்தில் தேறிவிடுகின்றன. இந்த வகைச் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். 20 டிகிரியில் 2 முதல் 3 ஆயிரம் ஓம் வரையிலும், 80 டிகிரியில் 300 ஓம் அளவிலும் இருப்பது பரவலான அமைப்பு. ஈசியூவின் அளவுகளையும் பிழை எண்களையும் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் வேலை இன்னும் எளிது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய வேறுபாடு இருந்தால் சென்சார் பொய் சொல்கிறது. பி0480 ஃபேன் கட்டுப்பாட்டுச் சுற்றையும், பி0117, பி0118 ஆகியவை கூலன்ட் சென்சார் சுற்றையும் குறிக்கும் பிழை எண்கள். சென்சாரே இல்லாமல் ரேடியேட்டரில் தெர்மோ சுவிட்ச் உள்ள பழைய கார்களில், அந்தச் சுவிட்சின் இரு வயர்களை இணைத்ததும் ஃபேன் சுழன்றால் மாற்ற வேண்டியது சுவிட்சை.

ஃபேன் நன்றாகச் சுழன்றும் சூடு இறங்கவில்லை என்றால், அது காற்றை ரேடியேட்டர் வழியாக எஞ்சின் பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் மாற்றும்போது பிளஸும் மைனஸும் இடம் மாறியிருந்தால் அது எதிர்ப்பக்கம் ஊதும். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேரும் மண்ணும் பூச்சியும் முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே ஹோஸ் கல்லாக இறுகுவதும், கூலன்டில் ஓயாமல் குமிழி வருவதும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போனதன் அடையாளங்கள். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே சரி.

குறையைத் தேடாமல் ஃபேனை ‘டைரக்ட்’ செய்துவிடுவதும், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கின்றன. வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க, தகுந்த பியூஸோடு ஃபேனை நேரடியாக இணைப்பதில் தவறில்லை. ஆனால் அதையே நிரந்தரமாக்கினால் மோட்டார் ஓயாமல் ஓடி விரைவில் தேயும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தனக்குரிய 90 டிகிரியை எட்டவே தாமதமாகி, பெட்ரோலை அதிகம் குடித்துத் தேய்மானத்தையும் கூட்டிக்கொள்ளும். சிலவகை எஞ்சின்களில் பைபாஸ் வழி மூடாமல் போவதால் கூலன்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, சூடு முன்பைவிட அதிகமாகும்.

பழுது பார்த்த பின், கூலன்டை நிரப்பி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, ஏசியைப் போடாமல் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும். ஃபேன் தானாகத் தொடங்கி, சூட்டை இறக்கி, தானாக நிற்பதை இரண்டு மூன்று சுற்றுகளாவது பார்த்த பிறகே வண்டியைச் சாலையில் எடுக்கலாம். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் அளவை இன்னொரு முறை பார்த்து, இறங்கியிருந்தால் நிரப்ப வேண்டும்.