வட்டாரத் தமிழைப் பேசிப் பழகுவதும் கைவிடாமல் காப்பதும்

நாடகத்துக்கோ டப்பிங்குக்கோ நெல்லைத் தமிழ் பேசச் சொன்னால் பலரும் முதலில் எடுத்துக்கொள்வது 'ஏலே'. கோவை என்றால் 'ஏனுங்க', மதுரை என்றால் 'வந்தாய்ங்க', யாழ்ப்பாணம் என்றால் 'எண்டு'. இப்படி நாலு சொல்லைத் தூவிவிட்டு மீதியை டிவித் தமிழிலேயே பேசிவிடுகிறார்கள். அந்த ஊர்க்காரர் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஊரைக் காட்டிக்கொடுப்பது முதலில் வினைமுற்று, அடுத்து மரியாதை விகுதி, அதற்கடுத்து வாக்கியம் முடிகிற இழுப்பு. சொற்கள் கடைசியில்தான் வருகின்றன. பழகுவதும் இதே வரிசையில் இருக்க வேண்டும்.

முதலில் யார் பேசுகிறார் என்று முடிவு செய்யுங்கள். 'நெல்லைத் தமிழ்' என்று மட்டும் எழுதிவைத்தால் போதாது. ஊர், வயது, சமூகம், தொழில், எவ்வளவு காலம் வெளியூரில் இருந்தார் என்பதையெல்லாம் வசனத்தாளின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள். பாளையங்கோட்டையில் 60 வயதுக் கடைக்காரர் பேசுவதும் நாகர்கோவிலில் கல்லூரி மாணவி பேசுவதும் ஒன்றல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே விளவங்கோட்டுப் பக்கத்துப் பேச்சு வேறு, நாகர்கோவில் பேச்சு வேறு.

அடுத்து, காதுக்குத் தீனி. சினிமாக் காட்சிகளை மாதிரியாக வைக்காதீர்கள். அதில் பேசுபவரும் பெரும்பாலும் உங்களைப் போலப் பழகிப் பேசியவர்தான். அதே ஊர், அதே வயதுக்காரர் மூன்று பேரையாவது பதிவு செய்யுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால் அவருடைய சொந்தப் பழக்கத்தை ஊர்ப் பழக்கம் என்று எடுத்துக்கொள்வீர்கள். போனிலேயே பதியலாம். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

'உங்க ஊர் பாஷையில பேசுங்க' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்ட நொடியில் அவர் மேடைத் தமிழுக்கோ, மிகைப்படுத்திய வேடிக்கைப் பேச்சுக்கோ மாறிவிடுவார். வெளியூர்க்காரரோடு பேசும்போது யாருக்கும் வழக்கு நீர்த்துப்போகும். அதனால் அதே ஊர்க்காரர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, ஒரு வேலையை விவரிக்கச் சொல்லுங்கள்: மீன்குழம்பு வைப்பது, பஸ் மாறி ஊருக்குப் போவது, கோயில் கொடையில் (திருவிழாவில்) நடப்பது. வேலையில் கவனம் போனதும் நாக்கு தன் பழைய தடத்துக்குத் திரும்பும். பதிவு செய்வதை முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குவதும் அவசியம்.

இனி வினைமுற்று. நெல்லையை எடுத்துக்கொள்வோம். அங்கே நிகழ்காலத்தில் 'கிற' கிடையாது. செய்யுதேன், செய்யுத (நீ), செய்யுதிய (நீங்க), செய்யுதான், செய்யுதாவ (அவங்க). சொல்லுதேன், சொல்லுதாவ. இதைக் கேட்டுவிட்டு எல்லா வினையிலும் 'த' போடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. 'க்கிற' வரும் வினைகள் வேறு மாதிரி போகும்: படிக்கேன், பாக்கான், கேக்காவ, இருக்கிய. 'படிக்குதேன்' என்று சொன்னால் வேஷம் கலைந்துவிடும். 'வா' என்பது வாரேன், வாராவ என்று நீளும். பதிவுகளிலிருந்து பத்து வினைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான், நீ, நீங்க, அவன், அவ, அவங்க என்று ஆறு வடிவங்களைக் காதால் கேட்டு எழுதுங்கள். கேட்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல் காலியாக விட்டு, ஊர்க்காரரிடம் கேட்டு நிரப்புங்கள். இந்த அறுபது வடிவங்களும் வாயில் ஓடும்வரை வசனத்தைத் தொட வேண்டாம்.

மரியாதையில் தவறினால் அது வெறும் உச்சரிப்புப் பிழையாக நிற்காது, அவமானமாகவே போய்விடும். நெல்லையில் 'லே' சேக்காளிக்கும் (நண்பனுக்கும்) இளையவனுக்கும்தான். பெரியவரிடம் 'வாலே' என்றால் சண்டைதான். ஆனால் 'நான் சொன்னேம்லா' என்பதில் வரும் 'லா' வேறு. 'சொன்னேன் அல்லவா' என்ற பொருளில் அண்ணாச்சியிடமும் அதைச் சொல்லலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. மதுரைப் பக்கம் 'வந்தாய்ங்க' என்பது 'அவன்கள் வந்தான்கள்' என்ற இடத்தில் வருவது. மாமனாரும் மாமியாரும் வந்ததைச் சொல்ல 'வந்தாக'தான் வரும். மதுரைக்காரர் என்றாலே யாரைப் பற்றியும் 'ஆய்ங்க' போட்டு, அரிவாளோடு நிற்கவைத்து எழுதுகிற வசனங்கள் அந்த ஊரின் மரியாதை வழக்கை மொத்தமாக அழித்துவிடுகின்றன. இதைச் சின்னக் குறையாக நினைக்க முடியாது.

கொங்குத் தமிழில் 'ங்க' எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் அது ஒட்டாது. கூப்பிடும்போதும் (ஏனுங்க) வாக்கியக் கடைசியிலும்தான் வரும்: 'நாளைக்கு வரேனுங்க', 'வேணுமுங்க', 'இல்லீங்க'. இடையில் வரும் அந்த 'உ'வை விட்டுவிட்டு 'வரேன்ங்க' என்று சொன்னால் சென்னைக்காரர் குரல்தான் கேட்கும். கடைசி 'க' பல சமயம் பாதியில் நின்றுவிடும். 'சரீங்' என்று முடியும். 'என்னோட'வுக்கு 'என்ற', 'உன்னோட'வுக்கு 'உன்ற'. 'சொல்லிட்டு' இருக்குமிடத்தில் 'சொல்லிப்போட்டு'. இந்த மூன்றும் சரியாக வந்தால் ஒறம்பரை (விருந்தாளி), நோம்பி (பண்டிகை), அப்பாரு (தாத்தா) போன்ற சொற்களெல்லாம் பின்னால் வந்து சேரும்.

யாழ்ப்பாணத் தமிழுக்கு இன்னும் கூடுதல் உழைப்பு தேவை. தமிழ்நாட்டு நடிகர்கள் அதை மலையாளம் போல இழுத்துவிடுவது வழக்கம். அதற்குக் காரணம் இலக்கணத்தைப் பிடிக்காமல் ராகத்தை மட்டும் பிடிக்கப் பார்ப்பதுதான். இவற்றில் தொடங்குங்கள். தன்மை ஒருமை 'அன்' என்று முடியும்: வாறன், போறன், செய்யிறன். எதிர்மறை: வரேல்லை, தெரியேல்லை. கேள்வியில் 'ஓ': போறியளோ? இறந்தகாலத்தில் தமிழ்நாட்டில் இல்லாத ஒரு வடிவமும் உண்டு. 'நான் நேற்றுப் போனனான்', 'நீங்கள் சொன்னனீங்கள்', 'அவர் வந்தவர்' என்று வாக்கியமே முடிந்துவிடும். 'வந்தவர் யார்?' என்ற எழுவாயாக இதை எடுத்துக்கொண்டு வாக்கியம் இன்னும் முடியவில்லை என்பதுபோல் குரலைத் தூக்கி நிறுத்தினால் அந்த இடத்திலேயே பிசகும். குரல் இறங்கி முடிய வேண்டும்.

'ன்ற' பல சொற்களில் 'ண்ட' ஆகும்: எண்டு, ஒண்டு, மூண்டு, நிண்டு, இண்டைக்கு. ஆனால் எல்லாவற்றிலும் ஆகாது. நன்றியை யாரும் 'நண்டி' என்பதில்லை, மன்றமும் மன்றம்தான். எழுத்தைப் பார்த்து ஏமாறும் இடம் இன்னொன்று. ஈழத்தில் 'ரிவி', 'ரிக்கெற்' என்று எழுதுவார்கள். அதைப் பார்த்து 'ரி' என்று வாசிக்கக் கூடாது. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள ஈறு மேட்டைத் தட்டி வரும் 'ட'கர ஒலி அது. நாக்கை மடிக்கிற 'டி'யும் இல்லை, உருட்டுகிற 'ரி'யும் இல்லை. 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவே 'நீர்' இருப்பதையும் மறக்க வேண்டாம். 'இரும்', 'வாரும்' என்பது அங்கே இன்றைக்கும் நடப்புப் பேச்சு. புராண நாடகக் குரல் அதற்குத் தேவையில்லை.

இழுப்பைப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. பதிவிலிருந்து இருபது முப்பது விநாடித் துண்டு ஒன்றை வெட்டி, சொற்கள் இல்லாமல் 'ம்ம்' என்று முனகுங்கள். குரல் எங்கே ஏறுகிறது, கடைசி உயிர் எவ்வளவு நீள்கிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்று தெரியும். முனகல் ஒத்துப்போன பிறகு சொற்களோடு, அவர் பேசுவதற்கு அரை விநாடி பின்னால் நிழல்போல் தொடர்ந்து பேசுங்கள். தினமும் ஒரே துண்டு, பதினைந்து நிமிடம். துண்டை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் படியாது.

வசனம் சரியாக வந்த பிறகும் மூன்று இடங்களில் சொந்த ஊர் எட்டிப்பார்க்கும்: கோபத்தில், சிரிப்பில், எண்ணும்போது. அதனால் திட்டுவதையும் பணம் எண்ணுவதையும் தனியாகப் பழகுங்கள். சோதிக்கும்போது ஊர்க்காரருக்குப் போன் போட்டு 'நல்லா இருக்கா?' என்று கேட்டுப் பயனில்லை. முகத்துக்காக நல்லா இருக்கு என்றே சொல்வார். உங்களைத் தெரியாத ஒருவருக்குப் பதிவை அனுப்பி, 'இவர் எந்த ஊர்?' என்று மட்டும் கேளுங்கள். எந்தச் சொல்லில் இடறியது என்றும் கேட்டு, அந்த வாக்கியத்தை மட்டும் திருத்துங்கள்.

சொந்த வழக்கைக் காப்பவர்களுக்கும் இதே கணக்குதான், தலைகீழாக. சென்னைக்கோ டொரான்டோவுக்கோ போனவர்களிடம் முதலில் உதிர்வது வினைமுற்று. ஊர்ச் சொற்கள் வெகுகாலம் தங்கும், அதனால் வழக்கு அப்படியே இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். உங்கள் பேச்சையே பத்து நிமிடம் பதிந்து, நெல்லைக்காரரானால் 'சொல்லுதேன்' எத்தனை, 'சொல்றேன்' எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நிலவரம் தெரிந்துவிடும். மீட்க, ஊரில் உள்ள ஒருவரோடு வாரம் ஒருமுறையாவது நீண்ட நேரம் போனில் பேசுங்கள். மெசேஜில் எழுதினால் இழுப்பு வராது. பிள்ளைகளிடம் வீட்டில் ஒருவராவது எப்போதும் ஊர் வழக்கிலேயே பேச வேண்டும். பிள்ளை தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், கேலியும் வேண்டாம். அடுத்த வாக்கியத்தில் சரியான வடிவத்தை நீங்கள் சொன்னால் போதும். கேலிக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் ஊர்ப்பேச்சை விடுகிறார்கள்.

கி.ராஜநாராயணன் தொகுத்த கரிசல் அகராதியும் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு அகராதியும் சொற்களுக்குக் கைகொடுக்கும். இழுப்பை எந்த அகராதியாலும் அச்சில் பிடித்துவைக்க முடியாது. வீட்டில் 70, 80 வயதுப் பெரியவர்கள் இருந்தால் இந்த மாதமே பதிவு செய்யுங்கள். கோப்பின் பெயரிலேயே ஊர், பிறந்த ஆண்டு, பதிந்த தேதி மூன்றையும் போட்டு, போனில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வையுங்கள்.