மச்சாளின் கையில் சிறிஞ்சு

மகனுக்கு ஏழு வயது. மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு, இரவிலும். புதுக்குடியிருப்பில் எங்கள் குசினியில் மீன் குழம்பு கொதித்தால் அவன் தலையைத் திருப்புவான். பிறகு எனக்குச் சோறு இறங்காது. கதவைச் சாத்திவிட்டு, களவெடுத்தவளைப் போல நின்றபடி நாலு வாய் அள்ளிப் போடுவேன்.

ஓரிரவு அரைத் தூக்கத்தில், பால் கொடுத்த பின் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ மறந்துவிட்டேன். அடைத்துக்கொண்டது. விடியற்காலை பஸ்ஸில் பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு ஓடினோம்.

"குழாயை மாற்றிவிடலாம். உங்களை மாற்ற ஆர் இருக்கினம்?" என்றார் தாதி. அங்கேயே அழுதுவிட்டேன்.

அடுத்த கிளினிக்குக்கு மச்சாளையும் கூட்டிப் போனேன். மூக்கருகில் குழாயின் அடையாளம் நகர்ந்திருக்கிறதா பார்ப்பது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, சிறிஞ்சை அழுத்தாமல் தூக்கிப் பிடித்துப் பாலைத் தானாக இறங்கவிடுவது எல்லாம் அவரும் பழகினார். முதலில் கை நடுங்கியது. எனக்கும் அப்படித்தானே நடுங்கியது.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் இரவு அவருடைய முறை. முதல் வெள்ளி நான் தூங்கவேயில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக் கிடந்தேன். மூன்றாம் வாரம் விடிந்ததே தெரியவில்லை. சோற்றையும் இப்போது மகனுக்குப் பக்கத்தில் இருந்தே சாப்பிடுகிறேன்.